கருப்பொருள் மேசையை எல்லோரும் பார்க்கிறார்கள், நூலை யாரும் எடுப்பதில்லை: விவாத இழை

ஜூன் 2 – கிளை நூலகர்

வாசலைத் தாண்டியதும் ஒரு மேசை: 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். தலைப்பு ‘நீர்’. நீலத் துணி விரித்து, நடுவில் கண்ணாடி ஜாடியில் கூழாங்கற்கள் போட்டு, சுற்றிலும் 15 நூல்களை வட்டமாக அடுக்கியாயிற்று. வருகிறவர்கள் நிற்கிறார்கள், செல்பேசியில் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். 10 நாளில் வழங்கல், அதாவது வாசகர் பதிந்து வீட்டுக்கு எடுத்துப்போனது, ஒன்றே ஒன்று. கருப்பொருள் காட்சி நூலகத்துக்கு அழகு சேர்க்குமே தவிர நூலை நகர்த்தாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

ஜூன் 2 – அடுக்கு

நகர்த்தும். ஆனால் நீங்கள் விவரித்த மேசை வாசகரிடம் ‘தொடாதே’ என்கிறது. வட்டம் முழுமையாக இருக்கிறது. ஒன்றை எடுத்தால் வட்டம் உடையும், அதை உடைக்கும் முதல் ஆளாக இருக்க யாருக்கும் மனம் வராது. நடுவில் ஜாடி இருப்பதால் நூல்கள் ஜாடிக்கு அலங்காரமாகிவிட்டன.

இன்றே செய்ய வேண்டியவை மூன்று. ஜாடியை எடுத்துவிடுங்கள். 15ல் மூன்றை எடுத்து இடத்தைக் காலியாக விடுங்கள். ஏற்கெனவே யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அடுத்தவர் கை நீளும். ‘இவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்’ என்று ஒரு அட்டையைத் தலைப்புக்குக் கீழேயே வையுங்கள். தலைப்பு எந்த அளவோ அதில் பாதியாவது இந்த வரி இருக்க வேண்டும். கண்காட்சிப் பேழைகளில் அருநூல் வைத்துப் பழகிய நூலகங்களில் இந்த வரி இல்லாமல் மேசை ஓடவே ஓடாது.

ஜூன் 2 – அடுக்கு

இன்னொன்று, இதுதான் பெரியது. 15 நூல்தான் மொத்தமா, உள்ளே கையிருப்பு உண்டா? கையிருப்பு இல்லாத காட்சி நன்றாக ஓடினால் நான்கே நாளில் காலியாகும், ஓடாவிட்டால் அப்படியே நிற்கும். இரண்டுமே தோல்விதான். மேசையில் 12 என்றால் பட்டியலில் 40 இருக்க வேண்டும். 40 தேறாத தலைப்பை எடுக்கவே கூடாது. அல்லது மேசையை விட்டு ஒரு சின்னத் தட்டுக்குப் போய்விட வேண்டும்: 4 நூல், கையிருப்பு 10.

ஜூன் 3 – கிளை நூலகர்

நீர் என்ற தலைப்பில் 40 எங்கே கிடைக்கும்? எங்களிடம் அந்தப் பொருளில் இருப்பதே 20ஐத் தாண்டாது.

ஜூன் 3 – பட்டியல் பகுதி

ஒரே எண்ணில் தேடினால் 20தான் வரும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் நீர் ஒரே இடத்தில் இல்லை. நீரியல் 551.48, கடலியல் 551.46, குடிநீர் வழங்கல் 628.1, அணை, கால்வாய் எல்லாம் 627, நீர்வளத்தின் பொருளியல் 333.91, கப்பல் போக்குவரத்து 387, மீன்கள் 597, நீச்சல் 797. கதை, கவிதை தனி. இத்தனையும் வெவ்வேறு அலமாரியில் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன. கருப்பொருள் மேசை எதற்கு என்றால் இதற்குத்தான். வகைப்பாட்டு எண் ஒரு நூலுக்கு ஒரு இடத்தைத்தான் தரும். மேசை இரண்டாவது இடத்தைத் தருகிறது.

தேடும் முறை: பொருள் தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். தலைப்புச் சொல்லில் ஆறு, கடல், மழை, கிணறு, அணை, படகு, மீன், தாகம், வெள்ளம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். வருவதை அழைப்பெண் (நூலின் அலமாரி இடத்தைக் காட்டும் எண்) வரிசையில் அச்சிட்டு, தள்ளுவண்டியோடு ஒரே சுற்றில் எடுத்துவிடலாம். பட்டியலில் இருந்து அலமாரியில் இல்லாதவை எத்தனை என்பதும் அதே சுற்றில் தெரிந்துவிடும். பாதி இருப்புச் சரிபார்ப்பு முடிந்த மாதிரி.

ஜூன் 3 – அடுக்கு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எடுக்கும்போதே ஒவ்வொரு நூலின் தேதிச் சீட்டையும், அதாவது வழங்கும்போது முத்திரை குத்தும் தாளையும், பாருங்கள். கடைசி முத்திரை இரண்டு ஆண்டுக்கு முன்னால் என்றால் அதுதான் மேசைக்கு வர வேண்டிய நூல். எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் நூலுக்கு மேசை தேவையில்லை. ஆனாலும் 12ல் குறைந்தது மூன்று நூல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். நடந்து போகிறவரை நிறுத்துவது தெரிந்த முகப்புதான். நின்றபின் பக்கத்தில் இருக்கும் தெரியாத நூலை எடுப்பார். எல்லாமே தெரியாதவை என்றால் நிற்கமாட்டார். எல்லாமே தெரிந்தவை என்றால் முதல் நாளே மேசை காலி, முடங்கிய நூல்கள் முடங்கியபடியே.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். இரண்டாம், நாலாம் விதிகளில் நாம் வாசகரின் பக்கம் நிற்கிறோம். இந்த ஒன்றில் நூலின் பக்கம் நின்று ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஜூன் 4 – வழங்கு மேசை

முடங்கிய நூலை அப்படியே மேசைக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டு ஆண்டு அசையாமல் இருந்ததில் தூசியும் வெள்ளிப்பூச்சியும் இருக்கும். நூலை இறுக்கி மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளி ஓரம் நோக்கி மென்தூரிகையால் தள்ள வேண்டும். தளர்வாகப் பிடித்தால் தூசி பக்கங்களுக்குள் இறங்கும். பைண்டிங் மடிப்பிலும் அட்டையின் உட்புறத்திலும் பாருங்கள். தாளின் மேல்பரப்பு சுரண்டினாற்போல் இருந்தால் வெள்ளிப்பூச்சி. அந்த அலமாரி நூல்கள் எல்லாவற்றையும் தனியே வைத்துப் பார்த்த பிறகே மேசை. மேசையில் நாலு கை மாறும், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போகும்.

ஜூன் 5 – கிளை நூலகர்

சரி, ஜாடி போயிற்று, துணியும் போயிற்று. 41 தேறியது. இனி அடுக்கும் முறை சொல்லுங்கள். அளவோடு.

ஜூன் 5 – அடுக்கு

டெமி அளவு நூல் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இடையில் 5 செ.மீ. விட்டால் 120 செ.மீ. மேசையில் ஒரு வரிசைக்கு 6. இரண்டு வரிசை, 12. மூன்றாவது வரிசைக்கு 60 செ.மீ. ஆழத்தில் இடம் இருக்கும், ஆனால் வேண்டாம். 18 முகப்புகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மீதமுள்ள ஆழத்தை வாசகர் நூலைப் புரட்டிப் பார்க்கவும் கைப்பையை வைக்கவும் விட்டுவிடுங்கள்.

பின்வரிசைக்கு 12 செ.மீ. உயர மேடை. உறுதியான அட்டைப்பெட்டிக்குள் பழைய நாளிதழ்க் கட்டு திணித்துக் காகிதம் சுற்றினால் போதும். வெற்றுப் பெட்டி ஒரு வாரத்தில் நடுவில் குழிந்துவிடும். நூல்கள் நேர்நிலையிலிருந்து 15 முதல் 20 பாகை பின்னால் சாய வேண்டும். அதற்குக் குறைந்தால் முன்னால் விழும். அதிகமானால் அடி வழுக்கும். நூலை நிறுத்தும் தாங்கியின் முன்விளிம்பு 2 செ.மீ. இருந்தால் ஒரு கிலோ எடையுள்ள நூல்வரை நிற்கும். அதைவிடக் கனமானவற்றைப் படுக்க வைத்து, பக்கத்தில் சாய்த்த அட்டையில் பெயர் எழுதுங்கள்.

தாங்கியின் முதுகுப் பலகை நூலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். கம்பித் தாங்கிகள் அடியில் மட்டும் பிடிப்பதால் மெல்லட்டை நூல்கள் இரண்டு வாரத்தில் பின்னால் வளைந்துவிடும். லேமினேட் செய்த அட்டையென்றால் ஈரக்காற்றில் இன்னும் சுருளும். கம்பித் தாங்கிதான் இருக்கிறது என்றால் நூலுக்குப் பின்னால் அதே அளவில் கெட்டி அட்டை ஒன்றைச் செருகுங்கள். இரண்டு ஊசி அடித்த ஒல்லி நூல்களுக்கு இது கட்டாயம். அந்த ஒல்லி நூல்களைக் கண்டிப்பாக மேசைக்குக் கொண்டுவாருங்கள். முதுகில் பெயர் அச்சிட இடமில்லாததால் அலமாரியில் அவற்றைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முகப்பு காட்டினால்தான் அவை இருப்பதே தெரியும்.

ஜூன் 5 – சிறுவர் பகுதி

12 செ.மீ. மேடை டெமிக்குச் சரி. முன்வரிசையில் பெரிய படநூல் வைத்தால் பின்வரிசையின் தலைப்பு மறையும். பெரியது பின்னால், சிறியது முன்னால் என்று அளவு பார்த்து வைத்தபிறகுதான் பொருள் பார்க்க வேண்டும். சிறுவர் மேசையின் உயரமும் வேறு: நூல்கள் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கனமான நூல் மேல்தட்டில் வேண்டவே வேண்டாம். இழுத்தால் முகத்தில் விழும்.

ஜூன் 6 – அடுக்கு

சிறுவர் பகுதி சொன்னதை ஏற்கிறேன், மேடையை 15ஆக உயர்த்தினாலும் தவறில்லை. உயரம் பற்றி வந்ததால் இதையும் சொல்ல வேண்டும்: சக்கர நாற்காலியில் வருபவர் கைக்கு எட்டுவது தரையிலிருந்து ஏறக்குறைய 120 செ.மீ. வரைதான். சுவரில் தட்டு அமைத்துக் காட்சி வைப்பவர்கள் இதற்கு மேலே நூல் வைக்கக் கூடாது, தலைப்பு மட்டும் போகலாம். மேசையைச் சுற்றி 90 செ.மீ. வழி, ஒரு பக்கமாவது நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம். மேசைத் துணி தரைவரை தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். துணியை நீக்கியது இதற்காகவும் நல்லது.

மேசையின் இடம்: வாசலிலிருந்து முதல் நாலைந்து அடி எடுத்து வைக்கும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை. செருப்பு, குடை, பை, அடையாள அட்டை என்று கவனம் வேறெங்கோ இருக்கும். அதைத் தாண்டி, நடை தளர்கிற இடத்தில் போடுங்கள். நூல் திருப்பித் தரும் வரிசை நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் போட்டால் இன்னும் மேல். நிற்பவர் கண்ணுக்கு வேலை இல்லை, நூலைத் தந்ததும் கையும் காலி.

சன்னல் வெயிலில் போட வேண்டாம். வெயில் பட்டால் அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் தங்கும். நூலகத்தில் ஒரு பக்கம் முழுக்க நீலம் பூத்த அட்டைகளாக இருந்தால் அங்கே வெயில் விழுகிறது என்று பொருள்.

ஜூன் 7 – வழங்கு மேசை

எழுத்து பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் கேள்வியில் ‘நீர்’ இரண்டே எழுத்து, தப்பித்துவிட்டீர்கள். ‘தண்ணீர்ப் பற்றாக்குறை’ என்று வெட்டி ஒட்டியிருந்தால் தெரியும் சேதி.

ஜூன் 7 – அடுக்கு

அது தனிப் பாடமே. வண்ணத்தாளில் தமிழ் எழுத்தை வெட்டும்போது புள்ளி தனியாக உதிரும். க் என்பது இரண்டு துண்டு, ஃ என்பது மூன்று துண்டு. துண்டாக ஒட்டினால் மூன்றாம் நாள் புள்ளி மட்டும் விழுந்து ‘பற்று’ ‘பறறு’ ஆகும். வழி: எழுத்தைத் தனித்தனியாக வெட்டாமல், சொல்லை முழுதாக ஒரு பட்டைத் தாளில் எழுதி, எழுத்தைச் சுற்றி ஒரு செ.மீ. ஓரம் விட்டு வெட்டுங்கள். புள்ளியும் கொம்பும் சுழியும் பின்தாளோடு சேர்ந்தே நிற்கும்.

அளவு: 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. உயரம், 6 மீட்டருக்கு 5 செ.மீ. இதை ப, ட, ம போன்ற வெற்றெழுத்தை வைத்து அளக்க வேண்டும். கி, கீயின் விசிறியையும் கு, கூவின் வாலையும் சேர்த்து அளந்தால் நடு எழுத்து சிறுத்துவிடும். இரண்டு வரித் தலைப்பென்றால் வரிக்கு நடுவில் கூடுதல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். அச்செழுத்தில் மெல்லியது வேண்டாம். தூரத்தில் முதலில் மறைவது புள்ளிதான், புள்ளி போனால் சொல்லே போயிற்று. தடித்த எழுத்திலும் சில வகைகளில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அச்சிட்டதும் 6 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.

ஜூன் 7 – சிறுவர் பகுதி

தெர்மாகோல் எழுத்து வேண்டாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் உருண்டைகளும், மினுமினுப்புத் தூளும் நூலின் மடிப்புக்குள் போய்விட்டால் எடுக்கவே முடியாது. இருபக்க ஒட்டுநாடாவை நூல் அட்டையின் மேல் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உரிக்கும்போது லேமினேஷனோடு அச்சும் வரும்.

ஜூன் 9 – பட்டியல் பகுதி

எல்லோரும் மேசையையே பேசுகிறீர்கள். மேசைக்கு வந்த 40 நூலும் அலமாரியில் இல்லை என்பதை யார் சொல்வது? பட்டியலில் ‘இருக்கிறது’ என்று பார்த்து 627க்குப் போகிற வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். ரங்கநாதனின் நாலாம் விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. அழகான மேசை அந்த நேரத்தைத் தின்னலாமா?

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: ‘காட்சி’ என்று ஒரு இருப்பிடக் குறியீட்டை முதலில் உருவாக்குங்கள். 40 நூலின் பார்கோடுகளையும் வரிசையாக ஸ்கேன் செய்து ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள். பல நூல்களின் பதிவை ஒரே தடவையில் மாற்றும் கருவியில் அந்தக் கோப்பை ஏற்றி இருப்பிடத்தைக் ‘காட்சி’ என்று மாற்றுங்கள். ஒரே நிமிட வேலை.

இங்கேதான் தவறும். இருப்பிடத்தை மாற்றியதும் பழைய இருப்பிடம் அழிந்துவிடும். 40ல் சில சிறுவர் பகுதி, சில குறிப்புதவிப் பகுதி, சில பொது அடுக்கு என்று கலந்திருந்தால், திரும்ப மாற்றும்போது எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் பார்கோடு கோப்பை இருப்பிடத்துக்கு ஒன்றாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும்: சிறுவர் ஒரு கோப்பு, பொது ஒரு கோப்பு. காட்சி முடிந்ததும் ஒவ்வொரு கோப்பையும் அதனதன் இடத்துக்குத் திருப்புங்கள். அப்படியே பொதுப் பட்டியல் ஒன்றையும் இந்த 40க்கு உருவாக்கிவிட்டால், மேசையில் இல்லாத நூலுக்கு வாசகர் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

கணினி இல்லாத நூலகமா? நூலை உருவிய இடத்தில் 8 செ.மீ. அகல அட்டைப் பட்டை ஒன்றை, ‘மேசையில் பார்க்கவும்’ என்று எழுதி, 3 செ.மீ. வெளியே நீட்டி நிறுத்துங்கள். அந்தப் பட்டையில் அழைப்பெண்ணும் இருக்கட்டும். திரும்ப வைக்கும்போது நூலை மாற்றிவிட்டுப் பட்டையை உருவினால் போதும்.

ஜூன் 10 – வழங்கு மேசை

எண்ணும் முறை. மேசைக்குப் போகும் ஒவ்வொரு நூலிலும் 4 செ.மீ. அகல வண்ணத்தாள் பட்டை ஒன்றைத் தேதிச் சீட்டுப் பக்கத்தில் செருகிவிடுங்கள். வழங்கும்போது பட்டையை உருவி, பின்னால் தேதி எழுதி, பெட்டியில் போட வேண்டும். வாரக் கடைசியில் எண்ணினால் மேசையிலிருந்து போனது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். பெட்டியில் போட்ட பட்டைக்கு ஈடாக அடுத்த நாள் காலை கையிருப்பிலிருந்து ஒரு நூல் மேசைக்கு வரும். பட்டை எண்ணிக்கையும் காலி இடமும் பொருந்தவில்லை என்றால் யாரோ எடுத்து உள்ளே உட்கார்ந்து படிக்கிறார்கள், அல்லது வேறு அடுக்கில் செருகிவிட்டார்கள்.

உள்ளே படிப்பதையும் எண்ணுங்கள். வாசிப்பு மேசையில் கிடக்கும் நூலில் பட்டை இருந்தால் அதன் மூலையைக் கிள்ளிவிட்டு நூலை மேசைக்குத் திருப்பி வையுங்கள். கோஹாவில் உள்ளகப் பயன்பாட்டுக்கென்று புள்ளிவிவர உறுப்பினர் கணக்கு ஒன்று வைத்து, அதன் பேரில் ஸ்கேன் செய்தாலும் பதிவாகும்.

ஜூன் 10 – அடுக்கு

பட்டை முறையில் இன்னொரு பயன்: திரும்பி வரும் நூல் எங்கே போக வேண்டும் என்ற குழப்பம். வழங்கல் தவணை 14 நாள், காட்சி 28 நாள் என்றால் முதல் வாரம் போனவை காட்சி முடிவதற்குள் திரும்பி வந்துவிடும். இந்த 40ன் பட்டியலை வழங்கு மேசையில் ஒட்டிவைத்தால் அவற்றைப் புதுப் பட்டையோடு மேசைக்கே அனுப்பலாம். 10 நாள் காட்சியில் இந்த இரண்டாம் சுற்று கிடைக்காது. நான் 10 நாள் காட்சிக்கு எதிரானவன். 28க்கு மேலும் வேண்டாம், அடிக்கடி வருகிறவருக்கு அது மேசையாகவே தெரியாமல் போய்விடும்.

ஜூன் 12 – கிளை நூலகர்

அடுத்த மாதத் தலைப்புக்கு நாட்காட்டியைப் பார்க்கலாமா? பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள், இப்படி வரிசையாக இருக்கிறதே.

ஜூன் 12 – அடுக்கு

பார்க்கலாம், ஆனால் ஆண்டுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாள் சார்ந்த காட்சியை 10 நாள் முன்பே வைக்காவிட்டால் நாளன்று வைத்து மறுநாள் பழையதாகிவிடும். அதோடு, ஆண்டுதோறும் அதே நாள், அதே நூல்கள் என்று ஆகிவிடுகிறது. ‘புத்தக நாள்’ என்று புத்தகங்களை அடுக்கினால் வாசகருக்கு அதில் புதிதாக என்ன கிடைக்கிறது?

நல்ல தலைப்புக்கு என் அளவுகோல்: டூயி எண்களில் குறைந்தது ஐந்து வெவ்வேறு நூறுகளிலிருந்து (300கள், 400கள் என்பதுபோல்) நூல் வர வேண்டும். ‘ஒலி’ எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் ஒலி 534, காது எப்படிக் கேட்கிறது 612.85, இரைச்சல் மாசு 363.74, பேச்சொலிகளைப் பற்றிய ஒலியியல் 414, சைகை மொழிகள் 419, பறவைகள் 598, இசை 780. ஏழு எண், ஐந்து நூறு. இசைக்கு வந்தவர் சைகை மொழி நூலைப் புரட்டுவார். பறவை பார்க்கிறவர் காதின் அமைப்புக்குப் போவார். அலமாரி இதைச் செய்யவே முடியாது.

‘அறிவியல்’, ‘வரலாறு’, ‘பெண் எழுத்தாளர்கள்’ எல்லாம் தலைப்பே இல்லை, அலமாரிப் பலகைகள். குறுக்கிக்கொண்டு வாருங்கள்: ‘இரவில் வேலை செய்பவர்கள்’, ‘அளப்பது எப்படி’, ‘கடிதங்கள்’, ‘முதல் தடவை’. தலைப்பைப் படித்ததும் ‘இதில் என்ன இருக்கும்?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

ஜூன் 13 – சிறுவர் பகுதி

அட்டை நிறத்தை வைத்தே அடுக்குகிறார்களே, சிவப்பு அட்டைகள் மட்டும், மஞ்சள் மட்டும் என்று? பிள்ளைகள் பாய்ந்து எடுக்கிறார்கள்.

ஜூன் 13 – அடுக்கு

எனக்குப் பிடிக்காது. எடுத்த நூல் பிடித்துப்போனால் ‘இதே மாதிரி அடுத்து என்ன’ என்று கேட்பார்கள். சிவப்பு அட்டைக்கு அடுத்து என்ன சொல்வது?

ஜூன் 14 – அடுக்கு

யோசித்துப் பார்த்ததில் நேற்று எழுதியது முழுக்கச் சரியில்லை. பெயரும் ஆசிரியரும் தெரியாமல் வருகிற வாசகருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் புதிதாகப் படிக்கத் தொடங்கிய பெரியவர்களுக்கும், நிறம் ஒரு நல்ல நுழைவாயில். யாரும் தன் அறியாமையைக் காட்டாமல் உள்ளே வரலாம். எல்லா நூறுகளிலிருந்தும் நூல் வரும் என்பதும் உண்மை. ஒரு வாரத்துக்கு வைக்கலாம். ஒவ்வொரு நூலிலும் ‘இதைப் படித்தவர் அடுத்து இந்த அலமாரிக்குப் போகலாம்’ என்று எண்ணோடு ஒரு சீட்டு இருந்தால் என் மறுப்பு முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஜூன் 14 – வழங்கு மேசை

காகிதத்தில் சுற்றி மறைத்து வைக்கும் ‘திறக்காமல் எடு’ வகைக்கும் ஒரு வார்த்தை. பார்கோடு உள்ளே மாட்டிக்கொள்ளும். சுற்றும்போதே பார்கோடு இருக்கும் இடத்தில் சன்னல் வெட்டிவிடுங்கள், அல்லது எண்ணை வெளியே எழுதுங்கள்; எழுதியவரைத் தவிர இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், ஒரு இலக்கம் மாறினால் வேறு நூல் வேறு ஆள் பேரில் ஏறும். ஒட்டுநாடா வேண்டாம், நூல்கயிற்றால் கட்டுங்கள். வெளியே மூன்று குறிப்பு: என்ன வகை, யார் வயதுக்கு, எத்தனை பக்கம். ‘வியப்பூட்டும் நூல்’ என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். ஏற்கெனவே படித்ததாக இருந்தால் உடனே மாற்றித் தரப்படும் என்பதையும் எழுதுங்கள்.

ஜூன் 15 – அடுக்கு

குறிப்பு அட்டை பற்றி. நூலுக்குப் பக்கத்தில் 7க்கு 10 செ.மீ. அட்டை, கையெழுத்தில், 25 சொல்லுக்குள். பாராட்டு வேண்டாம். பக்க எண் கொடுங்கள். ‘பக்கம் 112ல் கிணறு வெட்டும் வரிசை படம் படமாக இருக்கிறது’ என்று எழுதினால் வாசகர் அங்கேயே நூலைத் திறந்து 112க்குப் போவார். கையில் எடுத்துத் திறந்தாயிற்று என்றால் பாதி வழங்கல் முடிந்தது. 12 நூலுக்கும் அட்டை வேண்டாம், நாலுக்குப் போதும். யாருக்கும் தெரியாத நாலுக்கு.

இதில் கெடுவது: நூல் போய்விடும், அட்டை அங்கேயே நிற்கும், அதன் பின்னால் வேறு நூல் வந்து உட்காரும். வாசகர் 112ஐத் திறந்து கிணற்றைத் தேடுவார். அதனால் அட்டையைத் தாங்கியில் வைக்காமல் நூலுக்குள்ளேயே, தலை வெளியே நீட்டியபடி செருகுங்கள். நூலோடு வீட்டுக்குப் போனால் போகட்டும்.

ஜூன் 15 – கிளை நூலகர்

உடல்நலம் என்று ஒரு மேசை வைக்க மேலிருந்து சொல்கிறார்கள்.

ஜூன் 15 – வழங்கு மேசை

முதலில் பதிப்பாண்டு பாருங்கள். மருத்துவம், சட்டம், வரி, கணினி இந்த நான்கிலும் பழைய நூலை மேசையில் முகப்பு காட்டி வைத்தால் நூலகமே பரிந்துரைத்ததாக ஆகும். மருத்துவத்தில் 5 ஆண்டு என்பது என் எல்லை. உடலமைப்புப் படநூல் போன்றவற்றுக்கு விலக்கு தரலாம். மருந்தும் சிகிச்சையும் பேசும் நூலுக்குத் தரக்கூடாது. பழையதை இனங்கண்டால் மேசையில் வைக்காமல் விடுவதோடு நிறுத்தாமல் கழிவுப் பரிசீலனைக்கே அனுப்புங்கள்.

ஜூன் 15 – அடுக்கு

இடமும் மாற வேண்டும். மனநலம், குடிப்பழக்கம், பாலியல் நலம், மணமுறிவு, கடன் இவற்றை வாசலுக்கு எதிரே வைத்தால் தேவைப்படுபவர்தான் முதலில் விலகிப் போவார், நாலு பேர் பார்க்க அந்த மேசையருகே நிற்க முடியாது. முன்பு சொன்ன ‘வரிசைக்குப் பக்கத்தில்’ என்ற விதி இங்கே தலைகீழ். நடமாட்டம் குறைந்த ஒரு அலமாரி முனையில், தலைப்பைப் பெரிதாகப் போடாமல் வைக்க வேண்டும். குறிப்பு அட்டையை நூலுக்கு வெளியே நீட்டாமல் உள்ளே மறையச் செருகுங்கள். வண்ணப் பட்டையும் வேண்டாம், வழங்கும் இடத்தில் அடையாளம் காட்டிவிடும். வழங்கல் அறிக்கையிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம். ‘உடல்நலம்’ என்ற பொதுத் தலைப்பில் நடை, தூக்கம், உணவு பற்றிய நூல்களை வாசல் மேசையில் வைத்து, ‘மற்றவை இந்த அலமாரியில்’ என்று எண் மட்டும் தந்தாலும் வேலை நடக்கும்.

ஜூன் 18 – கிளை நூலகர்

மேசை மாற்றி 13 நாள். பெட்டியில் பட்டை 17. அதில் 11, தேதிச் சீட்டில் இரண்டு ஆண்டாக முத்திரையே இல்லாதவை. என் கட்சியை விடுகிறேன். கையிருப்பில் 9 மிச்சம், மேசையில் 12, பார்கோடு கோப்பு இரண்டாகப் பிரித்துச் சேமித்தாயிற்று. மூன்று நூல் மட்டும் கணக்கில் வரவில்லை.

ஜூன் 18 – பட்டியல் பகுதி

17, 9, 12 கூட்டினால் 38. மூன்றும் பெரும்பாலும் அதனதன் அழைப்பெண்ணில் உட்கார்ந்திருக்கும். நூல் அடுக்கும் பணியாளர் அழைப்பெண்ணைப் பார்த்துப் பழக்கப்படி அலமாரிக்குக் கொண்டுபோயிருப்பார். முதலில் அங்கே பாருங்கள், பிறகு அதே அலமாரியில் ஒரு தட்டு மேலும் கீழும். அங்கும் இல்லையென்றால் மேசைக்கு அருகில் உள்ள அடுக்கைப் பாருங்கள். எடுத்துப் பார்த்த வாசகர் திரும்ப மேசைக்கு வராமல் கைக்கெட்டிய இடத்தில் செருகியிருப்பார். மூன்றையும் கண்டுபிடிக்கும்வரை பொதுக் கோப்பை ஏற்றி இருப்பிடத்தைத் திருப்பிவிடாதீர்கள். திருப்பிவிட்டால் அவை அலமாரியில் இருப்பதாகவே பட்டியல் காட்டும், அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை காணாமல் போனது யாருக்கும் தெரியாது.